ஜெனரேட்டரா, பக்கத்து கிளினிக்கா, காகிதக் கோப்பா: சிறிய கிளினிக் எதை முதலில் ஏற்பாடு செய்வது?

இரண்டு மருத்துவர்கள், ஒரு செவிலியர், வரவேற்பு மேசையில் இருவர் என்று நடக்கும் குடும்ப மருத்துவ கிளினிக் ஒன்றில் அவசரகாலத் தயாரிப்பைப் பற்றி உட்கார்ந்து பேசத் தொடங்கினால், பத்து நிமிடத்துக்குள் பேச்சு ஜெனரேட்டரில் வந்து நிற்கும். எத்தனை கே.வி.ஏ., டீசலா பெட்ரோலா, எங்கே வைப்பது என்று விலைப்பட்டியல் வரைக்கும் போய்விடும். நானும் அப்படிப் பேசியவன்தான். பெரிய மருத்துவமனைகளில் வேலை பழகிய கண்ணுக்கு அவசரம் என்றாலே மின்வெட்டும், மின்வெட்டு என்றாலே ஜெனரேட்டரும்தான் தோன்றும். ஆனால் மருத்துவமனை மூடவே முடியாத இடம். வென்டிலேட்டரில் ஒருவரும் அறுவை மேசையில் ஒருவரும் கிடக்கும்போது அங்கே மின்சாரம் ஒரு நிமிடம்கூட நிற்கக் கூடாது. குடும்ப மருத்துவரின் கிளினிக்கோ ஒவ்வொரு நாள் இரவும் பூட்டிவிட்டுப் போகிற இடம். அது நான்கு மணி நேரம் மூடியிருப்பதால் வரும் கேட்டைவிட, திறந்திருந்தும் எதிரே உட்கார்ந்திருப்பவர் என்ன மருந்து சாப்பிடுகிறார், எது அவருக்கு ஒவ்வாமை, போன வாரம் அனுப்பிய இரத்தப் பரிசோதனையில் என்ன வந்தது என்று தெரியாமல் வைத்தியம் பார்ப்பதால் வரும் கேடு பெரிது.

இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், சிறிய கிளினிக்கின் முன்னே மூன்று வழிகள் இருக்கின்றன. இருந்த இடத்திலேயே மாற்று மின்சாரத்தோடு தொடரலாம். வேறொரு கிளினிக்கில் தற்காலிகமாக இடம் பெற்று இயங்கலாம். அல்லது தொலைபேசியிலும் காணொலியிலும் நோயாளிகளைப் பார்க்கலாம். எந்த வழியில் போனாலும் பதிவேடு கைக்கு எட்ட வேண்டும் என்பதால், அதைக் காப்பாற்றும் ஏற்பாடு மூன்றுக்கும் அடித்தளமாகிறது. எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் செய்து முடிக்கும் பணமும் நேரமும் சிறிய கிளினிக்கிடம் இருப்பதில்லை. ஆகவே எது வேண்டும் என்பதைவிட எது முதலில் என்பதே நாம் எடுக்க வேண்டிய முடிவு.

இழப்பது எதை?

பேரிடர்களின் பெயரை வரிசையாக எழுதி, வெள்ளத்துக்கு ஒரு பக்கம், தீவிபத்துக்கு ஒரு பக்கம், தொற்றுநோய்க்கு ஒரு பக்கம் என்று திட்டம் தீட்டுவது வழக்கம். கோப்பு தடிக்கும்; அவசரத்தில் யாரும் அதைப் புரட்ட மாட்டார்கள். எது வந்தாலும் கிளினிக் இழக்கக்கூடியவை நான்குதான்: இடம், மின்சாரமும் தொடர்பும், பதிவேடு, ஆள். இவற்றில் எது போனால் என்ன செய்வது என்று எழுதிவைத்தால், பேரிடர் எந்தப் பெயரில் வந்தாலும் அந்தப் பக்கம் உதவும்.

2017 மே 12 அன்று வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவைத்துத் திறக்கப் பணம் கேட்கும் தீய மென்பொருள்) பரவியபோது இங்கிலாந்தில் கட்டடம் எதுவும் இடியவில்லை, மருத்துவர்களும் வேலைக்கு வந்திருந்தார்கள்; ஆனால் அந்நாட்டின் தேசியத் தணிக்கை அலுவலகத்தின் கணக்குப்படி 595 குடும்ப மருத்துவ கிளினிக்குகள் அந்தத் தாக்குதலுக்கு ஆளாயின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் மென்பொருள் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. 2020இல் கொரோனா பரவியபோது நடந்தது இதற்கு நேர்மாறானது. மின்சாரமும் பதிவேடும் அப்படியே இருந்தன. காத்திருப்பு அறையே ஆபத்தான இடமாகிவிட்டது, ஊழியர்கள் வீட்டில் தனிமைப்பட்டிருந்தார்கள். இந்த இரண்டு சமயங்களிலும் ஜெனரேட்டர் மூலையில் சும்மாதான் நின்றிருக்கும்.

இழப்பு எது என்று தெரிந்தபின் இரண்டு அளவுகளை முடிவுசெய்ய வேண்டும். ஒரு வேலை எவ்வளவு நேரம் நின்றால் தாங்கும் என்பது ஒன்று. எவ்வளவு நேரத்துப் பதிவுகள் அழிந்தால் தாங்கும் என்பது மற்றொன்று. ஆண்டுப் பரிசோதனை இரண்டு வாரம் தள்ளிப்போகலாம். லேப்பிலிருந்து வரும் ஆபத்தான பொட்டாசிய அளவு அன்றைக்கே ஒரு மருத்துவரின் கண்ணில் பட்டாக வேண்டும். தடுப்பூசி ஃபிரிட்ஜுக்குக் கிடைக்கும் அவகாசம் சில மணி நேரம். மருந்துச்சீட்டைப் புதுப்பிப்பது இரண்டு நாள் தாங்கும், ஆனால் எல்லோருக்கும் தாங்காது.

அப்படித் தாங்காதவர்கள் யார் என்பதைப் பேரிடருக்கு முன்பே எழுதிவைத்திருக்கும் கிளினிக்குகள் குறைவு. மனச்சிதைவு நோய்க்கான க்ளோசபின் மருந்தைச் சாப்பிடுகிறவர் 48 மணி நேரத்துக்கு மேல் மருந்தைத் தவறவிட்டால் பழைய அளவிலேயே மறுபடி தொடங்கக் கூடாது. மிகக் குறைந்த அளவிலிருந்து படிப்படியாக ஏற்ற வேண்டும். நெடுங்காலம் ஸ்டீராய்டு எடுத்து வருபவர் திடீரென்று நிறுத்தினால் அட்ரீனல் சுரப்பி ஈடுகொடுக்க முடியாமல் உயிருக்கே ஆபத்தாகலாம். வலிப்பு மருந்து நின்றால் அடங்கியிருந்த வலிப்பு திரும்பி வரும். முதல் வகை நீரிழிவு உள்ளவர் இன்சுலின் இல்லாமல் ஓரிரு நாள்கூடத் தாங்க மாட்டார். வீட்டில் ஆக்சிஜன் செறிவூட்டியை நம்பியிருப்பவருக்கு நம் கிளினிக்கின் மின்வெட்டைவிட அவர் வீட்டின் மின்வெட்டுதான் அவசரம். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர், டயாலிசிஸ் செய்துகொள்பவர், பிரசவ நாள் நெருங்கியவர் என்று சேர்த்துக்கொண்டே போனாலும் சிறிய கிளினிக்கில் இந்தப் பட்டியல் சில பக்கங்களுக்குள் அடங்கிவிடும். அதைத் தயாரிக்க ஒரு பிற்பகல் போதும், செலவும் கிடையாது. இக்கட்டுரையில் வரும் எந்த ஏற்பாட்டைத் தேர்ந்தெடுத்தாலும் இந்தப் பட்டியல்தான் முதலில் கையில் எடுக்கப்படும்.

இருந்த இடத்திலேயே தொடர்வது

மின்வெட்டின்போது கிளினிக்குக்கு உண்மையில் எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்று கணக்கிட்டுப் பார்த்தால் வியப்பாக இருக்கும். இரண்டு மடிக்கணினி, ஒரு ரவுட்டர், நான்கைந்து எல்.இ.டி. விளக்கு எல்லாம் சேர்ந்து 200 வாட்டைத் தாண்டுவது அரிது. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி கொண்ட ஈய-அமில பேட்டரியில் ஏட்டளவில் 1,800 வாட்-மணி இருக்கிறது. பேட்டரி கெடாமலிருக்கப் பாதியளவே பயன்படுத்தி, இன்வெர்ட்டரில் போகும் இழப்பையும் கழித்தால், இந்தச் சுமையை ஏறத்தாழ நான்கு மணி நேரம் தாங்கும். அதே கொள்ளளவுள்ள லித்தியம் பேட்டரியில் பெரும்பகுதியைப் பயன்படுத்தலாம் என்பதால் ஆறு மணி நேரத்துக்கு மேல் வரும். ஒரு வேளை நோயாளிகளைப் பார்த்து அனுப்ப இது போதும். குளிரூட்டியும் ஸ்டெரிலைசரும் வேண்டும் என்று சேர்க்கும்போதுதான் கணக்கு ஜெனரேட்டருக்குப் போகிறது.

ஜெனரேட்டர் வாங்கிய நாளோடு வேலை முடிவதில்லை. கார்பன் மோனாக்சைடு உள்ளே வராதபடி கதவு, சன்னல்களிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி வெட்டவெளியில் வைக்க வேண்டும். மாடியில் வாடகைக்கு இருக்கும் கிளினிக்குக்கு இதுவே முடியாத காரியம். மின்தடத்தை மாற்றும் ஸ்விட்ச் முறையாகப் பொருத்தப்படாவிட்டால், நம் மின்சாரம் தெருக் கம்பிக்குள் திரும்பிப் பாய்ந்து அங்கே பழுதுபார்ப்பவரைக் கொல்லும். மாதம் ஒருமுறை சுமையோடு ஓட்டிப் பார்க்க வேண்டும். எரிபொருள் பழையதாகிக் கெடும். பேரிடர் நாளில் அதற்கான வரிசையும் நீளும். 2017 செப்டம்பர் 20 அன்று மரியா சூறாவளி தாக்கிய புவர்ட்டோ ரிக்கோவில் கடைசி வீடுகளுக்கு மின்சாரம் திரும்ப ஏறத்தாழ 11 மாதம் ஆயிற்று. ஒரு கிளினிக் வாங்கும் அளவிலான ஜெனரேட்டர் அத்தகைய இருட்டுக்கு உருவாக்கப்பட்டதல்ல. நான்கு மணி நேர மின்வெட்டுக்கு அது தேவைக்கு அதிகம், நான்கு மாத மின்வெட்டுக்குப் போதாது. இடைப்பட்ட இரண்டு மூன்று நாட்களுக்குத்தான் அது சரியான விடை. அந்த இடைப்பட்ட நாட்கள் உங்கள் பகுதியில் ஆண்டுக்கு எத்தனை முறை வருகின்றன என்று எண்ணிப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

ஜெனரேட்டருக்கு ஆதரவாகச் சொல்லப்படுவதில் வலுவான காரணம் தடுப்பூசி ஃபிரிட்ஜ். பெரும்பாலான தடுப்பூசிகள் 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். வெப்பம் ஏறிவிடுமோ என்றுதான் எல்லோரும் அஞ்சுகிறார்கள். ஆனால் ஹெபடைடிஸ் பி, டி.பி.டி., நியூமோகாக்கல், ஹெச்.பி.வி. போன்ற அலுமினிய உப்பு சேர்ந்த தடுப்பூசிகளுக்கு உறைதலே பெரிய எதிரி. ஒருமுறை உறைந்தால் அவை வீண். உருகியபின் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் பயன்படாது. மின்சாரம் போன பதற்றத்தில் ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பைகளுக்கு நடுவே குப்பிகளை அடுக்குகிறவர், சூட்டிலிருந்து காப்பாற்றுவதாக நினைத்து அவற்றை உறையவைத்துக் கெடுத்துவிடுகிறார். குப்பியின் மேல் ஒட்டியிருக்கும் நிறம் மாறும் சில்லு சூட்டைத்தான் காட்டும், உறைதலைக் காட்டாது. ஐஸ் பையை வெளியே எடுத்து வைத்து, காதருகே குலுக்கினால் உள்ளே நீர் சலசலக்கும் வரை காத்திருந்து, பிறகு குப்பிகளை ஒரு தடுப்புக்கு அப்பால் வைப்பதே முறை.

அதற்கு முன் செய்ய வேண்டியது இன்னும் எளிது: கதவைத் திறக்காமல் இருப்பது. ஃபிரிட்ஜின் காலித் தட்டுகளில் நீர் நிரப்பிய பாட்டில்கள் எப்போதும் இருந்தால் குளிர் கூடுதல் நேரம் நிற்கும். வெப்பநிலையைத் தொடர்ந்து பதிவுசெய்யும் டேட்டா லாகர் கருவி உள்ளே இருந்தால், கதவைத் திறக்காமலே எத்தனை மணிக்கு எத்தனை டிகிரி என்று தெரியும். 8 டிகிரியைத் தாண்டிவிட்டது என்று தெரிந்தாலும் உடனே குப்பையில் போட வேண்டியதில்லை. “பயன்படுத்த வேண்டாம்” என்று எழுதி ஒட்டி, மீண்டும் குளிரில் தனியே வைத்து, எத்தனை நேரம் எவ்வளவு வெப்பத்தில் இருந்தது என்ற கணக்கோடு தயாரிப்பாளரையோ தடுப்பூசித் திட்ட அலுவலகத்தையோ கேட்க வேண்டும். பலவற்றைப் பயன்படுத்தலாம் என்றே பதில் வரக்கூடும். இவ்வளவும் செய்தபின் மிஞ்சும் ஆபத்துக்கு, ஜெனரேட்டர் உள்ள ஒரு மருத்துவமனையின் குளிர்ப்பெட்டியில் ஒரு தட்டு தரும்படி எழுத்தில் வாங்கி வைப்பதும், ஒரு சமயத்தில் வாங்கும் கையிருப்பைக் குறைப்பதும் ஜெனரேட்டரைவிட மலிவான வழிகள்.

மற்றொரு கிளினிக்கோடு ஒப்பந்தம்

இடம், மின்சாரம், ஆள் ஆகிய மூன்று இழப்புகளுக்கும் ஓரளவு ஈடு தரக்கூடிய ஏற்பாடு இது ஒன்றுதான். எங்கள் கட்டடம் போனால் உங்கள் அறை, உங்கள் மருத்துவர் படுத்துவிட்டால் எங்கள் மருத்துவர் என்ற இந்த ஏற்பாட்டுக்குப் பெரிதாகப் பணம் தேவையில்லை. அப்படியிருந்தும் இது அரிதாகவே நடக்கிறது. போட்டியாளரிடம் போய்க் கேட்பதில் உள்ள கூச்சமே முதல் காரணம் என்று நினைக்கிறேன். ஜெனரேட்டர் வாங்க யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை.

கூச்சத்தைத் தாண்டிப் பேசிய இடங்களிலும், “அவசரம்னா வந்துடுங்க, பார்த்துக்கலாம்” என்ற வாய்ப்பேச்சோடு முடிந்துவிடுகிறது. அது நல்லெண்ணம், ஏற்பாடு ஆகாது. எந்த அறை, எந்த நேரம், காலையில் நீங்கள் மாலையில் நாங்களா, ஃபிரிட்ஜில் எந்தத் தட்டு, கணினியில் யாருடைய பெயரில் நுழைவது, கட்டணம் யாருடைய கணக்கில் சேரும், அவர்கள் மருந்தை எங்கள் நோயாளிக்குக் கொடுத்தால் எப்படித் திருப்புவது, எத்தனை நாள் வரை என்பவற்றை ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். தொழில்முறைக் காப்பீடு வேறொரு முகவரியில் வைத்தியம் பார்ப்பதையும் ஏற்கிறதா என்று இரு தரப்பும் தத்தம் காப்பீட்டாளரிடம் எழுத்தில் கேட்டு வைக்க வேண்டும். இந்தக் கேள்வி பெரும்பாலும் கட்டடம் போன பிறகுதான் நினைவுக்கு வருகிறது. ஒரு கிளினிக்கின் ஊழியர் மற்றதன் நோயாளிப் பதிவுகளைப் பார்க்க நேரும் என்பதால், எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாது என்ற வரம்பும் அந்தப் பக்கத்திலேயே வர வேண்டும்.

இதன் பெரிய குறை தூரம் சம்பந்தப்பட்டது. நடந்து போகும் தூரத்தில் உள்ள கிளினிக் நோயாளிக்கு வசதி. ஆனால் நம்மை மூழ்கடிக்கும் வெள்ளம் அதையும் மூழ்கடிக்கும். வேறு மின்தடத்திலும் அந்த வெள்ளம் எட்டாத நிலத்திலும் இருக்கும் கிளினிக் பாதுகாப்பானது. அங்கே முதிய நோயாளிகள் வந்து சேர மாட்டார்கள். இரண்டு கிளினிக்குகளோடு எழுதிக்கொள்வதே இதற்குத் தீர்வு: ஆள் குறையும் நாளுக்கும் குழாய் உடையும் நாளுக்கும் பக்கத்தில் ஒன்று, ஊரே பாதிக்கப்படும் நாளுக்குத் தள்ளி ஒன்று. ஆண்டுதோறும் எடுத்துப் பார்க்காவிட்டால் இந்தத் தாளும் பழசாகிவிடும். கையெழுத்திட்ட மேலாளர் வேலையை விட்டுப் போனதே தெரியாமல், அவர் எண்ணுக்கு அழைத்துக்கொண்டிருக்க நேரும்.

தொலைபேசியில் பார்ப்பது

2020க்குப் பிறகு இந்த வழியை விளக்க வேண்டிய தேவையே இல்லை. மருந்தைப் புதுப்பிக்கலாம், பரிசோதனை முடிவைச் சொல்லலாம், பயந்திருப்பவரைத் தேற்றலாம், யார் நேரில் வந்தே தீர வேண்டும் என்று பிரிக்கலாம். தடுப்பூசி போட முடியாது, வயிற்றை அழுத்திப் பார்க்க முடியாது, காயத்துக்குக் கட்டுப் போட முடியாது. காது கேளாதவருக்கும் கைபேசி பழகாதவருக்கும் இது அரை வைத்தியம்கூட ஆகாது.

பலர் கவனிக்காதது, இந்த வழியும் மின்சாரத்தை நம்பியிருக்கிறது என்பதை. செம்புக் கம்பி வழி வந்த பழைய தொலைபேசிக்குத் தொலைபேசி நிலையத்திலிருந்தே மின்சாரம் வந்தது. இன்றைய இணைய வழித் தொலைபேசி நம் ரவுட்டர் அணைந்ததும் ஊமையாகும். கைபேசிக் கோபுரங்களின் பேட்டரியும் நெடுநேரம் தாங்குவதில்லை. 2022 ஜூலை 8 அன்று கனடாவில் ரோஜர்ஸ் நிறுவனத்தின் வலையமைப்பு முடங்கியபோது 1.2 கோடிக்கும் மேற்பட்டவர்களின் கைபேசியும் இணையமும் ஒன்றாக நின்றன. டெபிட் அட்டையால் பணம் செலுத்துவதும் தடைபட்டது. கிளினிக்கின் இணையம் ஒரு நிறுவனத்திடமும் மாற்றாக வைத்திருக்கும் சிம் வேறொரு நிறுவனத்திடமும் இருக்க வேண்டும் என்பது இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய ஒரே ஏற்பாடு; அதற்கு ஆகும் செலவும் குறைவு.

பதிவேட்டை எங்கே வைப்பது

இங்கே சற்று நிதானிக்க வேண்டும், ஏனெனில் மேலே சொன்ன மூன்று வழிகளும் பதிவேடு இல்லாமல் பாதி பயன்தான் தரும். காகிதம், கிளினிக்கிலேயே வைத்த சர்வர், இணையம் வழியே வேறொரு நிறுவனத்தின் கணினிகளில் சேமிக்கும் கிளவுட் ஆகிய மூன்றுக்கும் தனித்தனிப் பலவீனம் உண்டு.

காகிதத்துக்கு மின்சாரம் வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம், எந்த ரான்சம்வேரும் அதைத் தொட முடியாது. ஆனால் அதற்கு இரண்டாவது பிரதி கிடையாது. 2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா சூறாவளி தாக்கிய பிறகு நியூ ஆர்லியன்ஸ் பகுதியில் பெருமளவு காகிதக் கோப்புகள் வெள்ளத்தில் ஊறி அழிந்தன. அதே நகரத்தில் முன்னாள் படைவீரர் மருத்துவத் துறை தன் நோயாளிப் பதிவுகளை மின்னணு முறையில் வைத்திருந்தது. வேறு நகரங்களுக்குச் சிதறிப்போன நோயாளிகளுக்கு அவை சில நாட்களிலேயே கிடைத்தன.

கிளினிக்கிலேயே வைக்கும் சர்வர் இணையம் நின்றாலும் வேலை செய்யும் என்பதால் நெடுநாள் எனக்குப் பிடித்த ஏற்பாடாக இருந்தது. அது எப்படி மாறியது என்பதைச் சொல்ல வேண்டும். ஒரு திங்கட்கிழமை காலை எங்கள் சர்வரின் ஹார்டு டிஸ்க் நின்றுவிட்டது. பேக்கப் டிஸ்க் அதன் பக்கத்திலேயே, பச்சை விளக்கு மின்னியபடி, இருந்தது. திறந்து பார்த்தால் அதில் கடைசியாகப் பதிவானது ஐந்து மாதத்துக்கு முன்பு. ஏதோ ஒரு புதுப்பிப்புக்குப் பின் பேக்கப் நின்றுபோயிருக்கிறது, அமைத்துக் கொடுத்த நிறுவனமும் கவனிக்கவில்லை, நாங்களும் விளக்கு எரிகிறதே என்று இருந்துவிட்டோம். அன்று காலை எங்களைக் காப்பாற்றியது வரவேற்பு மேசையில் இருந்த அக்காவின் பழக்கம். கணினித் திரையில் டிக் செய்வது அவருக்கு ஒத்துவராது. முந்தின மாலையே மறுநாள் பட்டியலை அச்சிட்டு, பென்சிலால் டிக் அடித்துக்கொண்டு வருவார். பெயர், நேரம், தொலைபேசி எண், சிலருக்கு ஓரத்தில் “பென்சிலின் ஆகாது” என்று அவரே எழுதியது. அந்த இரண்டு தாளை வைத்துக்கொண்டுதான் யார் வருகிறார்கள், யாரை வர வேண்டாம் என்று சொல்லலாம் என்று பிரித்தோம். எங்கள் திட்டக் கோப்பு அந்தச் சர்வருக்குள்ளேயே இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கிளவுட் நம் கட்டடத்திலிருந்து தரவை வெளியே எடுத்துவிடுகிறது. பேக்கப்பைப் பார்த்துக்கொள்ளும் வேலையை அதையே தொழிலாகக் கொண்டவர்களிடம் ஒப்படைக்கிறது. ஆனால் தரவு பத்திரமாக இருப்பதும் அது நமக்குக் கிடைப்பதும் ஒன்றல்ல. 2024 ஜூலை 19 அன்று க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான புதுப்பிப்பால் உலகெங்கும் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. இங்கிலாந்தில் பல குடும்ப மருத்துவ கிளினிக்குகளில் எமிஸ் என்ற நோயாளிப் பதிவு மென்பொருளைத் திறக்க முடியாமல் மருத்துவர்கள் கைப்பட மருந்துச்சீட்டு எழுதினார்கள். தரவு எதுவும் திருடுபோகவில்லை, அழியவுமில்லை. ஆனாலும் அன்றைய காலைக்கு அது இல்லாததற்குச் சமம். அயர்லாந்தின் பொதுச் சுகாதாரத் துறையை 2021 மே 14 அன்று முடக்கிய ரான்சம்வேர் தாக்குதல் இதைவிடக் கடுமையானது. மார்ச் மாதத்தில் ஒரு ஊழியர் மின்னஞ்சலோடு வந்த எக்செல் கோப்பைத் திறந்ததில் தொடங்கி, ஏறத்தாழ இரண்டு மாதம் தடுக்கப்படாமல் உள்ளே இருந்திருக்கிறது. பூட்டைத் திறக்கும் சாவி ஒரு வாரத்துக்குள் கிடைத்தும் எல்லாவற்றையும் மீட்க மாதங்கள் ஆயின.

எனவே இந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதாக நினைப்பதே பிழை. மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்களில், ஒன்று வேறொரு கட்டடத்தில் என்ற பழைய விதி இன்றும் பொருந்துகிறது. கணினியோடு எப்போதும் இணைந்தே கிடக்கும் பேக்கப் டிஸ்கை ரான்சம்வேர் சேர்த்தே பூட்டிவிடும் என்பதால் ஒரு பிரதியாவது கழற்றி வைக்கப்பட்டதாக இருக்க வேண்டும் என்ற திருத்தத்தோடு. என் தேர்வு, முதன்மைப் பதிவேடு கிளவுடில், இணையம் இல்லாமலே படிக்க மட்டும் திறக்கும் ஒரு பிரதி கிளினிக்கின் மடிக்கணினியில், மறுநாள் பட்டியல் காகிதத்தில் என்பது. மென்பொருள் விற்பவரிடம் வசதிகளைப் பற்றிக் கேட்பதைவிட மூன்று கேள்விகள் முக்கியம்: கடைசியாக எப்போது மீட்டெடுத்துச் சோதித்தீர்கள், அதற்கு எத்தனை மணி நேரம் ஆயிற்று; இணையம் இல்லாமல் படிக்கும் பிரதி தருவீர்களா; உங்கள் நிறுவனத்தை நாளை மூடினால் எங்கள் தரவு எந்த வடிவத்தில் கையில் வரும்? மூன்றாவதற்கு மழுப்பலான பதில் வந்தால் நான் எழுந்துவிடுவேன். நம் பங்குக்கு, மாதம் ஒருமுறை பேக்கப்பிலிருந்து ஒரே ஒரு நோயாளியின் பதிவை மீட்டெடுத்துப் பார்க்க வேண்டும். பச்சை விளக்கை நம்பக் கூடாது.

காகிதத் தாளில் பெயரும் நேரமும் மட்டும் போதாது. ஒவ்வொருவரின் ஒவ்வாமை, தற்போதைய மருந்துகள், முக்கிய நோய்கள், தொலைபேசி எண் ஆகியவை ஒரு வரியில் வர வேண்டும். மாலையில் அச்சிட்டு, பூட்டிய இழுப்பறையில் வைத்து, மறுநாள் மாலை பொடியாக்கும் இயந்திரத்தில் போட வேண்டும். மேசைமேல் கிடந்தால் தயாரிப்பு என்ற பெயரில் நோயாளியின் இரகசியத்தைத் தெருவில் வைத்ததாகிவிடும். அதோடு வரிசை எண் அச்சிட்ட வெற்றுப் படிவங்கள், மருந்துச்சீட்டுப் புத்தகம், லேப் கோரிக்கைத் தாள்கள் ஒரு பெட்டியில் இருக்க வேண்டும். வரிசை எண் இருந்தால்தான், கணினி திரும்பியபின் கையால் எழுதியவற்றை ஏற்றும்போது 14க்கும் 16க்கும் இடையே ஒன்று குறைகிறதே என்று தெரியும். குறையும் அந்தத் தாளில்தான் மருந்து மாற்றியதை எழுதியிருப்போம்.

ஆட்கள்

பேரிடர் நாளில் ஊழியர்களின் வீடுகளும் அதே ஊரில்தான் இருக்கின்றன. எல்லோரும் வந்துவிடுவார்கள் என்ற கணக்கில் போட்ட திட்டம் முதல் நாளிலேயே விழும். பாதிப் பேர் வந்தால் எந்த வேலைகளை விடுவது என்று எழுதியிருக்க வேண்டும். ஒவ்வொரு வேலையும் இருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஃபிரிட்ஜின் அலாரத்தை நிறுத்துவது உட்பட. தனியாக நடத்தும் மருத்துவரானால், அவரே படுத்துவிட்டால் யார் வந்து பார்ப்பார்கள், கடவுச்சொற்கள் எந்த உறையில் யாரிடம் இருக்கின்றன என்பதே திட்டத்தின் முதல் பக்கம்.

எனில், எந்த வரிசையில்?

தொடர்ந்து நடத்த முடியாத கிளினிக், முடியாது என்று ஒழுங்காகச் சொல்லிவிட்டு, தாங்காதவர்களை மட்டும் தேடிப் பிடித்து உதவினாலே பெரும்பாலான கேடுகளைத் தவிர்த்துவிடலாம் என்பது என் கருத்து. அதனால் என் வரிசையில் தாங்காதவர்கள் பட்டியலும் மறுநாள் தாளும் முதலில் வருகின்றன; இரண்டையும் இந்த வாரமே தொடங்கலாம். அடுத்து பதிவேட்டின் பேக்கப்பும் மீட்டெடுத்துப் பார்க்கும் சோதனையும். மூன்றாவது, கூச்சத்தை விட்டுப் பக்கத்து கிளினிக்கோடு எழுத்தில் ஒப்பந்தம். நான்காவது, ரவுட்டரையும் மடிக்கணினியையும் ஒரு வேளை தாங்கும் இன்வெர்ட்டரும் இரண்டாவது நிறுவனத்தின் சிம்மும். ஜெனரேட்டர் இவற்றுக்கெல்லாம் பிறகு.

இந்த வரிசை தலைகீழாகும் இடங்களும் உண்டு. பல மணி நேரப் பயணத்துக்கு அப்பால்தான் அடுத்த மருத்துவர் என்றால் ஒப்பந்தம் எழுத ஆளே இல்லை. அந்த கிளினிக் ஏறத்தாழ மருத்துவமனையின் நிலையில் இருக்கிறது, அதற்கு ஜெனரேட்டர் முதல் வரிசையில் வர வேண்டும். ஒரு வட்டாரத்துக்கே தடுப்பூசி வைத்து வழங்கும் கிளினிக்குக்கும் அப்படியே. கிளினிக்கிலேயே பிரசவம் பார்ப்பவர்களும் கண்காணிப்புப் படுக்கை வைத்திருப்பவர்களும் இந்தக் கட்டுரையை இரண்டாம் பத்தியிலேயே மூடிவைத்துவிட்டுப் போகலாம். ஏற்கெனவே ஜெனரேட்டர் வைத்திருப்பவர், அது ஓடும்போது திரையில் தெரியும் பதிவேடு எங்கிருந்து வருகிறது என்று மட்டும் கேட்டுக்கொள்ளட்டும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரு பிற்பகல் ஒத்திகை பார்க்க வேண்டும். நோயாளிகள் குறைவாக வரும் ஒரு நாளில், ஃபிரிட்ஜின் இணைப்பை விட்டுவைத்து, ரவுட்டரையும் கணினிகளையும் இரண்டு மணி நேரம் அணைத்துவிடுங்கள். எங்கள் முதல் ஒத்திகையில் பெட்டி இருந்தது, படிவங்கள் இருந்தன, தாளும் அச்சிடப்பட்டிருந்தது. இழுப்பறையின் சாவி மட்டும் அன்று விடுப்பில் இருந்தவரின் கைப்பையில் இருந்தது. இப்போது இரண்டாவது சாவி ஒரு உறையில் ஒட்டப்பட்டுச் செவிலியர் அறையில், தீயணைப்பான் மாட்டியிருக்கும் அதே ஆணியில் தொங்குகிறது.